கொரியச் சாப்பாட்டுக்கு எந்தக் கடைக்குப் போவது?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் சென்னையின் கொரிய உணவகங்களைப் பற்றி வெளிவந்த கட்டுரையை வாசித்தேன். வேறொரு நாட்டுச் சமையலை நம் வாசகர்களுக்கு அறிமுகம் செய்ய முன்வந்ததற்கு முதலில் நன்றி. ஆனால் அந்தக் கட்டுரை கடைகளின் விளக்கு அலங்காரத்தையும், சுவரில் ஒட்டியிருக்கும் பாடகர் குழுக்களின் படங்களையும், கொரிய உடை அணிந்து படம் எடுத்துக்கொள்ளும் வசதியையும் விரிவாகச் சொல்லிவிட்டு, அங்கே என்ன சமைக்கிறார்கள், யார் சமைக்கிறார்கள், எப்படிப் பரிமாறுகிறார்கள் என்பதை ஓரிரு வரிகளில் முடித்துக்கொண்டது. திருநெல்வேலியிலிருந்து சென்னைக்குப் போகிற ஒரு குடும்பம் இதை நம்பி ஒரு கடைக்குள் நுழைந்தால் அழகான படங்களோடு வெளியே வரும். நல்ல கொரியச் சாப்பாடு சாப்பிட்ட நிறைவோடு வருமா என்று சொல்வதற்கில்லை. அந்தக் குறையைப் போக்க வேண்டும் என்ற எண்ணத்தில்தான் சற்று நீளமாகவே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

இருங்காட்டுக்கோட்டைக்கு அருகே கார் உதிரிபாகம் செய்யும் ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் நெடுங்காலம் வேலை பார்த்து, ஓய்வு பெற்றபின் பாளையங்கோட்டைக்குத் திரும்பியவன் நான். எங்கள் மேலதிகாரிகளில் பலர் கொரியர்கள். கணக்கு முடிக்கும் நாட்களில் வேலை இரவு வரை நீண்டால், எங்களையும் கூட்டிக்கொண்டுதான் சாப்பிடப் போவார்கள். எந்தக் கடையில் அவர்கள் முகம் மலர்ந்தது, எந்தக் கடையில் முதல் வாய்க்குப் பின் கரண்டியைக் கீழே வைத்தார்கள் என்பதைப் பக்கத்தில் அமர்ந்து பார்த்துக் கற்றுக்கொண்டதையே இங்கே எழுதுகிறேன். சமையற்கலை வல்லுநன் என்ற உரிமை எதையும் நான் கோரவில்லை.

இது சென்னைக்காரர்களின் கவலை, நெல்லைச் சீமைக்கு இதில் என்ன வேலை என்று சிலர் கேட்கக்கூடும். ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கத்துத் தொழிற்சாலைகளின் வாயிலில் பணிமுறை மாறும் நேரத்தில் நின்று பார்த்தால், அம்பாசமுத்திரத்துப் பேச்சும் சங்கரன்கோவில் பேச்சும் திசையன்விளைப் பேச்சும் காதில் விழும். நம் பிள்ளைகள் அங்கே இருக்கிறார்கள். அவர்களைப் பார்க்கப் பெற்றோர் போகிறார்கள். இங்கே பாளையங்கோட்டைக் கல்லூரிகளில் படிக்கும் பிள்ளைகளோ கைப்பேசியில் கொரியத் தொடர்களைப் பார்த்துவிட்டு, சென்னைக்குப் போனால் அந்தச் சாப்பாட்டைச் சாப்பிட்டே தீர வேண்டும் என்று ஆசைப்படுகிறார்கள். இந்த ஆசையில் தவறேதும் இல்லை. அறுநூறு கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்து, செலவும் செய்து, அரைகுறையானதைச் சாப்பிட்டுவிட்டு "கொரியச் சாப்பாடு இவ்வளவுதானா" என்று அவர்கள் முடிவு கட்டிவிடக் கூடாது என்பதே என் கவலை.

நல்ல கடை எங்கே இருக்கும் என்பதை அறிய, சென்னைக்குக் கொரியர்கள் எப்படி வந்தார்கள் என்பதை அறிந்தால் போதும். ஹூண்டாய் நிறுவனம் 1996-இல் இந்தியாவில் காலூன்றி, 1998-இல் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து தன் முதல் காரான சான்ட்ரோவை வெளியே அனுப்பியது. அதற்கு உதிரிபாகம் கொடுக்கும் கொரிய நிறுவனங்கள் பின்னாலேயே வந்து சேர்ந்தன. 2007-இல் சாம்சங் தொழிற்சாலையும் ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்தில் உற்பத்தியைத் தொடங்கியது. இப்படி வந்த பொறியாளர்களுக்கும் அவர்களுடைய குடும்பங்களுக்கும் தினசரிச் சாப்பாடு வேண்டியிருந்தது. அந்தத் தேவைக்காகப் பிறந்தவைதாம் சென்னையின் பழைய கொரிய உணவகங்கள். கீழ்ப்பாக்கத்திலும் பூந்தமல்லி நெடுஞ்சாலையை ஒட்டியும் ஆழ்வார்பேட்டைப் பக்கத்திலும் அவை அமைந்ததற்குக் காரணம், அங்கிருந்து தொழிற்சாலைக்குப் போகும் வழியும் குடும்பங்கள் குடியிருந்த இடங்களும்தாம். ஸ்ரீபெரும்புதூரிலும் அதைச் சுற்றியும் கொரியர்கள் தங்கும் விடுதிகள் பல உண்டு. அவற்றின் கீழ்த்தளத்திலோ பின்கட்டிலோ ஓர் உணவுக்கூடம் இருக்கும். பெயர்ப்பலகை கொரிய எழுத்தில் இருப்பதால் நம்மவர்கள் அதைக் கவனிக்காமலேயே கடந்து போய்விடுவார்கள். விருந்தினர் அல்லாதவர்களையும் அங்கே பல இடங்களில் வரவேற்கிறார்கள். முன்கூட்டித் தொலைபேசியில் கேட்டுக்கொண்டு போவது மரியாதையும் கூட.

அண்மை ஆண்டுகளில் இன்னொரு வகைக் கடைகள் பெருகியிருக்கின்றன. தொடர்களும் பாடல்களும் தந்த புகழை நம்பி, நகரின் பெரிய வணிக வளாகங்களிலும் இளைஞர்கள் கூடும் தெருக்களிலும் திறக்கப்பட்டவை இவை. இவற்றில் நல்லவையே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் முதல் வகைக் கடைக்காரருக்கு, சாப்பாடு சரியில்லையென்றால் அடுத்த நாளே கொரிய வாடிக்கையாளர் வராமல் போய்விடுவார் என்ற அச்சம் இருக்கிறது. இரண்டாம் வகைக் கடைக்கு அந்தக் கட்டாயம் இல்லை. வெளியூரிலிருந்து திருநெல்வேலிக்கு வருகிறவர் நல்ல சொதிச் சாப்பாட்டைத் தேடினால், 'நெல்லை ஸ்பெஷல்' என்று நெடுஞ்சாலையில் பெரிதாக எழுதிவைத்திருக்கும் கடைக்கு அவரை அனுப்புவோமா? மறுவீட்டு விருந்துக்குச் சமைக்கிற ஆளைத்தானே கைகாட்டுவோம். கொரியச் சாப்பாட்டுக்கும் அந்த நாட்டுக்காரர் தினமும் எங்கே போகிறார் என்று கேட்பதே முதல் வழி.

சரி, கடைக்குள் போய் அமர்ந்தாகிவிட்டது. எதைப் பார்ப்பது?

நாம் கேட்பதற்கு முன் மேசைக்கு வருவதைப் பார்க்க வேண்டும். கொரிய வழக்கத்தில் சோறும் குழம்பும் வருவதற்கு முன்னரே, சின்னச் சின்னத் தட்டுகளில் பல தொடுகறிகளைக் கொண்டுவந்து பரப்புவார்கள். பான்சான் என்று அவற்றை அழைக்கிறார்கள். இவற்றுக்குத் தனி விலை கிடையாது. தீர்ந்தால் மறுபடியும் கேட்டு வாங்கலாம். உப்பிட்டுப் புளிக்கவைத்த முட்டைக்கோசான கிம்ச்சி கட்டாயம் இருக்கும். அதோடு, கொதிநீரில் சற்றே வாட்டிப் பிழிந்து நல்லெண்ணெயும் பூண்டும் எள்ளும் சேர்த்துப் பிசறிய பசலைக்கீரை, அதே முறையில் செய்த சோயா முளை, சோயா சாற்றில் இனிப்பாகச் சுண்டவைத்த உருளைக்கிழங்கு, அடுக்கடுக்காகச் சுருட்டி நறுக்கிய முட்டை, மீன் விழுதில் செய்த தகட்டை நறுக்கி வதக்கியது என்று ஏதாவது நாலைந்து வரும். பொடி நெத்திலிக் கருவாட்டை வறுத்து இனிப்பும் உறைப்புமாகப் புரட்டியதும் வரும். தூத்துக்குடிக் கடற்கரை வட்டாரத்து வாசகர்களுக்கு அது உடனே பிடித்துப்போகும் என்பதில் எனக்கு ஐயமில்லை.

இந்தத் தட்டுகளில் ஒரு கடையின் யோக்கியதை முழுவதும் தெரிந்துவிடும். ஏனென்றால் இதற்குக் காசு வாங்குவதில்லை; காசு வாங்காததைக் கவனமாகச் செய்கிறவர் காசு வாங்குவதையும் கவனமாகவே செய்வார். கீரை பச்சை நிறம் மாறாமல், நீர் கோத்துக்கொள்ளாமல் இருக்கிறதா? முளைகளின் வால் வாடிப் பழுப்பேறாமல் இருக்கிறதா? போன தடவை வந்ததற்கும் இந்தத் தடவைக்கும் ஓரிரண்டாவது மாறியிருக்கிறதா? சந்தையில் கிடைப்பதைப் பொறுத்துத் தொடுகறி மாறிக்கொண்டிருந்தால் அடுப்படியில் அக்கறையுள்ள ஒருவர் நிற்கிறார் என்று பொருள். கிம்ச்சிக்குத் தனி விலை போட்டு, ஒரு கிண்ணத்தை மட்டும் கொண்டுவந்து வைக்கும் கடையாக இருந்தால் நான் சாப்பாட்டை அளவோடு முடித்துக்கொண்டு எழுந்துவிடுவேன்.

கிம்ச்சியைப் பற்றி இன்னும் சற்றுச் சொல்ல வேண்டும், ஏனெனில் ஏமாற்றம் அதிகம் நேர்வது அதில்தான். நீள வாக்கில் இருக்கும் சீன முட்டைக்கோசைப் பிளந்து, இலைக்கு இலை உப்புத் தூவி, பல மணி நேரம் வைத்து, அலசி வடித்தபின், கொச்சுகாரு என்னும் கொரிய மிளகாய்த் தூள், பூண்டு, இஞ்சி, வெங்காயத்தாள், முள்ளங்கி, உப்பிட்டு நொதித்த சிறு இறால் அல்லது நெத்திலிச் சாறு ஆகியவற்றைச் சேர்த்த விழுதை ஒவ்வொரு இலைக்கும் இடையில் தடவி மூடிவைப்பார்கள். நாட்கள் போகப் போக அது தானாகப் புளிக்கும். குளிர்காலத்துக்கு முன் குடும்பத்தாரும் அண்டை வீட்டாரும் கூடி உட்கார்ந்து பெரும் அளவில் கிம்ச்சி போட்டுப் பகிர்ந்துகொள்ளும் வழக்கத்தை 2013-இல் யுனெஸ்கோ தன் மரபுப் பட்டியலில் சேர்த்தது. கொரியர் அதற்கு எவ்வளவு மதிப்புக் கொடுக்கிறார்கள் என்பதற்கு அது ஒரு சான்று.

நல்ல கிம்ச்சியின் வெள்ளைத் தண்டைக் கரண்டியால் தூக்கினால் ஒடியாமல் வளையும். ஆனால் கடித்தால் மொறுமொறுவென்றிருக்கும். உப்பில் சரியாக ஊறியதற்கு அதுவே அடையாளம். புளிப்பு நாக்கின் நுனியில் சுரீரென்று தைக்காமல், உள்ளே இறங்கி மெல்ல எழ வேண்டும். மிளகாய் சற்றுக் கரடுமுரடாக, இலையின் மேல் தனித்துத் தெரியும். நம் சாம்பார்ப் பொடிக்கு அரைக்கும் தூளைப் போல மாவாக அப்பியிருக்காது. பல கடைகளில் சாதாரண முட்டைக்கோசை நறுக்கி, வினிகரும் நம் ஊர் மிளகாய்த் தூளும் சர்க்கரையும் கலந்து அன்றைக்கே பரிமாறிவிடுகிறார்கள். அது ஒருவகை ஊறுகாய். நொதித்த உணவு அல்ல. சீன முட்டைக்கோஸ் கிடைக்காத காலத்தில் சாதாரண முட்டைக்கோசில் செய்வதை நான் குறை சொல்ல மாட்டேன், அதையும் முறைப்படி புளிக்கவிட்டால் நன்றாகவே இருக்கிறது. வினிகரால் புளிப்பேற்றுவதைத்தான் ஏற்க முடியவில்லை.

இரண்டாவதாக, கொதிக்கிற குழம்பு. கிம்ச்சியைப் போட்டுக் கொதிக்கவைக்கும் கிம்ச்சி ஜிகே, சோயாவை நொதிக்கவைத்த தோயென்ஜாங் விழுதில் செய்யும் தோயென்ஜாங் ஜிகே, சோயாப் பாலைத் திரித்துச் செய்யும் மென்மையான தோஃபு சேர்த்த சுண்டுபு ஜிகே என்று இதில் வகைகள் உண்டு. கறுப்பு மண்சட்டியில் தளதளவென்று கொதித்தபடியே மேசைக்கு வந்து, நாம் முதல் கரண்டி எடுக்கும்போதும் ஓரத்தில் குமிழி விட்டுக்கொண்டிருக்க வேண்டும். வெதுவெதுப்பாகக் கண்ணாடிக் கிண்ணத்தில் கொண்டுவந்தால் அது வேறு எங்கோ செய்து சூடுகாட்டியது என்று வைத்துக்கொள்ளலாம். இந்தக் குழம்புகளின் அடிப்படைச் சாறு, தலையும் குடலும் நீக்கிய நெத்திலிக் கருவாட்டையும் கடற்பாசியையும் கொதிக்கவைத்து வடித்தெடுப்பது. அந்தச் சாறு ஒழுங்காக இறங்கியிருந்தால் காரத்துக்கு அடியில் ஒரு நிதானமான சுவை நிற்கும். அது இல்லாத கடையில் மிளகாயும் உப்பும்தான் இருக்கும். சோயாவை நொதிக்கவைத்து விழுதும் சாறும் எடுக்கும் மரபை யுனெஸ்கோ 2024-இல் ஏற்றுக்கொண்டது. ஆகவே ஒரு கொரிய அடுப்படியைச் சோதிக்க இறைச்சி வகைகளைவிடத் தோயென்ஜாங் குழம்பே தக்கது என்பது என் கருத்து. அலங்காரமே இல்லாத உணவு அது. ஒளித்துவைக்க இடம் கிடையாது.

சோற்றைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அவர்களுடைய அரிசி குட்டையானது, வெந்தால் ஒன்றோடொன்று ஒட்டும். மூடியிட்ட எவர்சில்வர்க் கிண்ணத்தில் வரும். நீண்ட காம்புள்ள கரண்டியால் சோற்றையும் குழம்பையும் சாப்பிட்டு, தட்டையான உலோகக் குச்சிகளால் தொடுகறியை எடுப்பார்கள். குச்சி பிடிக்கத் தெரியாதென்று நம்மவர்கள் கூசத் தேவையில்லை. கரண்டியாலேயே முழுச் சாப்பாட்டையும் முடிக்கலாம், யாரும் தவறாக எண்ண மாட்டார்கள். பாசுமதி அரிசியிலோ பொன்னி அரிசியிலோ பிபிம்பாப் (காய்கறிகளை மேலே அடுக்கிப் பிசைந்து சாப்பிடும் சோறு) வைக்கிற கடையையும், கடற்பாசித் தாளில் சுருட்டிய கிம்பாப் கையில் எடுத்ததும் உதிர்ந்துபோகிற கடையையும் தவிர்த்துவிடலாம்.

மேசையிலேயே இறைச்சி சுட்டுத் தருவதற்காகத்தான் பலர் போகிறார்கள். பன்றியின் வயிற்றுப் பகுதியைத் தடித்த துண்டுகளாகச் சுடும் சாம்கியோப்சால், சோயாச் சாறிலும் பூண்டிலும் பேரிக்காய்ச் சாறிலும் ஊறவைத்த மாட்டிறைச்சியான புல்கோகி ஆகியவை முதன்மையானவை. பணியாளர் இடுக்கியால் இறைச்சியைத் தூக்கிப் பிடித்துக் கத்தரிக்கோலால் வெட்டிப் போடுவார். அதைக் கண்டு திடுக்கிட வேண்டாம், அதுதான் அங்கே முறை. வெந்த துண்டை லெட்யூஸ் கீரையில் வைத்து, ஒரு பூண்டுச் சில்லும் பச்சைமிளகாயும் விழுதும் சேர்த்து மடித்து, ஒரே வாயில் போட்டுக்கொள்ள வேண்டும். மேசைக்கு மேல் புகைபோக்கிக் குழாய் இருக்கிறதா என்று உட்காரும் முன்னரே பாருங்கள். அது இல்லாத இடத்தில் உள்ளே சுட்டுக் கொண்டுவந்துதான் வைப்பார்கள், பாதிச் சுவை வழியிலேயே போய்விடும். இவ்வகை உணவைப் பெரும்பாலும் இரண்டு பேர் அளவுக்குக் குறையாமல்தான் தருவார்கள். தனியாகப் போகிற மாணவருக்கு அதில் செலவு கட்டுப்படியாகாது. அவருக்கு ஒரு சட்டிக் குழம்பும் சோறும், கூடவே வருகிற தொடுகறிகளும் போதும், வயிறும் நிறையும்.

தங்கள் கட்டுரை முற்றிலும் விட்டுவிட்ட ஒன்றை இனிச் சொல்கிறேன். நெல்லை வட்டாரத்தில் சைவ உணவு மட்டுமே உண்ணும் குடும்பங்கள் ஏராளம். மேலப்பாளையத்திலும் ஏர்வாடியிலும் கடையநல்லூரிலும் ஹலால் பார்த்துச் சாப்பிடும் குடும்பங்களும் ஏராளம். இவ்விரு தரப்பாருக்கும் கொரியக் கடையில் எச்சரிக்கை வேண்டும். அதை எடுத்துச் சொல்வது ஒரு நாளிதழின் கடமை.

சைவர்கள் முதலில் அறிய வேண்டியது, கண்ணுக்குக் காய்கறியாகத் தெரிவதெல்லாம் சைவம் அல்ல என்பதே. கிம்ச்சியில் இறாலோ மீன் சாறோ கலந்திருக்கும். தோஃபு மட்டும் மிதக்கும் குழம்பிலும் நெத்திலிச் சாறு இருக்கும். பிபிம்பாப்பின் மேல் மாட்டிறைச்சிக் கொத்தும் முட்டையும் வைப்பது வழக்கம். சர்க்கரைவள்ளி மாவில் செய்த இழைகளைக் காய்கறியோடு புரட்டும் ஜாப்சேயிலும் இறைச்சி சேர்ப்பதுண்டு. "இது சைவமா" என்று பொதுவாகக் கேட்டால், இறைச்சித் துண்டு இல்லை என்ற பொருளில் "ஆம்" என்று பணியாளர் நல்லெண்ணத்தோடே சொல்லிவிடக்கூடும். ஆகவே கேள்வியைப் பிரித்துக் கேட்க வேண்டும்: குழம்புக்கு அடிப்படையாக எந்தச் சாறு ஊற்றுகிறீர்கள், கிம்ச்சியில் மீன் சாறு உண்டா, முட்டை இல்லாமல் தர முடியுமா? அக்கறையுள்ள கடைக்காரர் உள்ளே போய்க் கேட்டுவந்து சொல்வார். சில இடங்களில் மீன் சேர்க்காத கிம்ச்சியைத் தனியே போட்டு வைத்திருக்கிறார்கள். கொரியப் பௌத்த மடங்களில் மீனும் இறைச்சியும் மட்டுமன்றிப் பூண்டும் வெங்காய வகைகளும் கூடச் சேர்க்காமல் சமைக்கும் நீண்ட மரபு இருப்பதால், அந்தச் சமையலுக்குச் சைவம் அந்நியமானதல்ல. முட்டையும் இறைச்சியும் நீக்கிய பிபிம்பாப்பைச் சூடான கல்சட்டியில் வாங்கிக் கொச்சுஜாங் என்னும் நொதித்த மிளகாய் விழுதைத் தேவைக்கேற்பச் சேர்த்துப் பிசைந்து சாப்பிட்டால், அடியில் சட்டியோடு ஒட்டிப் பொன்னிறமாக முறுகிய சோற்றுக்காகவே மறுபடியும் போகத் தோன்றும்.

இஸ்லாமிய வாசகர்கள் பன்றி இறைச்சியைத் தவிர்த்தால் மட்டும் போதாது. அதே தகட்டில் மாட்டிறைச்சியும் கோழியும் சுடப்படுகின்றனவா என்பதையும், ஊறவைக்கும் கலவையில் அரிசி மது சேர்க்கிறார்களா என்பதையும் கேட்க வேண்டும். கொரியச் சமையலில் அது பரவலாகப் புழங்குவது. கிம்ச்சி ஜிகேயில் பன்றி இறைச்சி சேர்ப்பது வழக்கம் என்பதால், பெயரை மட்டும் பார்த்து அதைக் கேட்டு வாங்கிவிட வேண்டாம்.

இனி நம் ஊர் நிலைக்கு வருகிறேன். திருநெல்வேலியிலும் பாளையங்கோட்டையிலும் 'கொரியன்' என்ற பெயரோடு சில கடைகள் வந்திருக்கின்றன. குச்சியில் செருகிப் பொரித்த பாலாடைக்கட்டி உருண்டை, பூண்டு வெண்ணெய் தடவிய பன், பொட்டலத்தில் வரும் ராம்யான் நூடுல்ஸ் ஆகியவை அங்கே கிடைக்கின்றன. கொரியாவின் தெருக்களிலும் இவை விற்கின்றன என்பதால் இவற்றைப் போலி என்று நான் சொல்லவில்லை. மாலையில் பிள்ளைகள் கூடி உட்கார்ந்து சாப்பிட ஓர் இடம் இருப்பது நல்லதே. பொட்டலத்தின் மேல் சைவத்துக்கும் அசைவத்துக்கும் உரிய குறி அச்சிடப்பட்டிருக்கும் என்பதால் ராம்யான் வாங்குவோருக்கு ஒரு தெளிவும் கிடைக்கிறது. ஆனால் இவை சிற்றுண்டி மட்டுமே. பெயர் சொல்ல விரும்பாத ஒரு கடையில் பிபிம்பாப் கேட்டபோது, தக்காளி சாஸ் ஊற்றி வறுத்த சோற்றின் மேல் பாலாடைக்கட்டியைத் துருவிக் கொண்டுவந்தார்கள். எதிர் மேசையில் இருந்த கல்லூரி மாணவியர் அதைத்தான் அந்நாட்டு உணவு என்று நம்பிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள் என்பதே எனக்கு வருத்தம். கடைக்காரர் கற்றுக்கொண்டு செய்யலாம். தேவையான பொருட்கள் இப்போது எட்டாத தொலைவில் இல்லை. கொச்சுஜாங்கும் தோயென்ஜாங்கும் டப்பாவில் கிடைக்கின்றன. சாற்றுக்கு வேண்டிய நெத்திலிக் கருவாடோ தூத்துக்குடியிலிருந்து ஒரு மணி நேரத்தில் வந்து சேர்ந்துவிடும்.

கைப்பேசியில் பார்க்கும் நட்சத்திர மதிப்பெண்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. கொரியச் சமையலைப் பொறுத்தவரை அவற்றை நான் அதிகம் நம்புவதில்லை. "மசாலாவே இல்லை", "எண்ணெய் மினுக்கம் இல்லை", "முட்டைக்கோஸ் புளித்துப்போயிருந்தது" என்று எழுதி மதிப்பெண்ணைக் குறைத்திருப்பார்கள். புளித்துப்போனதாகச் சொல்லப்படும் அந்தக் கிம்ச்சியைத் தேடித்தான் நாம் போகிறோம். மதிப்பெண்ணைவிடக் குறிப்புகளை வாசிப்பது பயன் தரும். தொடுகறி என்னென்ன வந்தன, மறுபடி கேட்டபோது தந்தார்களா, பக்கத்து மேசைகளில் கொரியக் குடும்பங்கள் இருந்தனவா என்று யாராவது எழுதியிருந்தால் அந்தக் குறிப்பை நம்பலாம். கடையின் ஒரு மூலையில் கொரிய மளிகைப் பொருட்கள் அடுக்கிவைத்து விற்பனை நடந்தால் அதுவும் நல்ல அறிகுறிதான், அந்நாட்டவர் வீட்டுச் சமையலுக்கும் அங்கே வந்து போகிறார்கள் என்று பொருள்.

இங்கிருந்து போகிறவர்களுக்கு வழியும் எளிதாகியிருக்கிறது. 2023 செப்டம்பரில் தொடங்கிய வந்தே பாரத் ரயில் தாம்பரத்தில் நின்று செல்வதால், எழும்பூர் வரை போய்த் திரும்பி வராமல் அங்கேயே இறங்கி ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் போகலாம். பேருந்தில் போகிறவர்கள் கிளாம்பாக்கத்தில் இறங்கினால் வண்டலூர் – வாலாஜாபாத் சாலை வழியாக ஒரகடத்தை அடைந்து, அங்கிருந்து ஸ்ரீபெரும்புதூர் செல்லலாம். நகருக்குள் நுழையும் நெரிசலே கிடையாது. பிள்ளையைப் பார்க்கத் தொழிற்பேட்டைப் பக்கம் போகிற பெற்றோருக்கு நகரத்துக் கடைகளைவிட அந்தப் பக்கத்து விடுதி உணவுக்கூடங்களே வசதி. வேலைநாளின் மதியத்தில் போவது நல்லது. ஆலைகளிலிருந்து ஆட்கள் வருகிற நேரம் என்பதால் குழம்பும் தொடுகறியும் அப்போதுதான் இறக்கியவையாக இருக்கும். இரவுச் சாப்பாட்டைக் கொரியர்கள் நம்மைவிடச் சற்று முன்னதாகவே முடித்துவிடுவார்கள், ஆகவே ஒன்பது மணிக்கு மேல் போய் நிற்பதைத் தவிர்க்கலாம்.

கடைகளின் பெயர்களை நான் இங்கே எழுதாததற்குக் காரணம் உண்டு. இத்தகைய உணவகங்களில் எல்லாமே சமைப்பவரின் கையைப் பொறுத்தது. நடத்துகிற அம்மையார் ஊருக்குத் திரும்பிவிட்டாலோ, அவரிடம் பயின்ற சமையற்காரர் வேறு கடைக்குப் போய்விட்டாலோ, அதே பலகைக்குக் கீழே வேறொரு சாப்பாடு கிடைக்கத் தொடங்கிவிடும். இன்னொன்றையும் இங்கே குறிப்பிட வேண்டும். அந்தச் சமையற்கூடங்களில் வடகிழக்கு மாநிலத்தவரும் நம் மாவட்டத்துப் பையன்களும் கொரிய மூதாட்டியரிடம் வேலை பழகி, இன்று அவர்களுக்கு இணையாகக் கிம்ச்சி போடுகிறார்கள். சமைப்பவர் கொரியர்தானா என்று பார்ப்பதைவிட, யாரிடம் எவ்வளவு காலம் பயின்றார் என்று கேட்பதே நியாயம்.

ஆசிரியர் அவர்களிடம் என் வேண்டுகோள் இதுதான். உணவகங்களைப் பற்றி எழுதும்போது, சமைப்பவர் யார், தொடுகறியாக என்ன வைத்தார்கள், குழம்புக்கு எந்தச் சாறு, எந்தெந்த இறைச்சி எந்தத் தகட்டில் சுடப்படுகிறது, சைவருக்கு உண்மையில் என்ன கிடைக்கும், ஒருவர் தனியாகப் போனால் எவ்வளவு ஆகும், இருவராகப் போனால் எவ்வளவு ஆகும் என்பவற்றைக் கேட்டு எழுதச் செய்யுங்கள். விளம்பரத்துக்காகக் கடைக்காரர் அழைத்து உபசரித்த சாப்பாட்டை வைத்து எழுதாமல், காசு கொடுத்துச் சாப்பிட்டு எழுதச் செய்யுங்கள். சென்னைப் பதிப்புக்கு எழுதியதை அப்படியே நெல்லைப் பதிப்பிலும் வெளியிடாமல், இங்கிருந்து போகிறவர் எங்கே இறங்கி எப்படிப் போவது என்பதையும் சேர்த்து வெளியிடுங்கள். அடுத்த கட்டுரைக்கு ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் செய்தியாளர் ஒருவரை ஒரு வேலைநாள் மதியத்தில் அனுப்புங்கள். கூடவே சைவ உணவு உண்ணும் சக ஊழியர் ஒருவரையும் அனுப்பி, அவர் என்னென்ன கேட்டார், என்ன பதில் கிடைத்தது, இறுதியில் எதைச் சாப்பிட்டார் என்பதை ஒரு தனிப் பத்தியாக வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
பாளையங்கோட்டை.